வேலை, வீடு, நமக்குன்னு கொஞ்ச நேரம்: 48 கட்டம் போட்டு நாளை எப்படி பிரிக்கிறது

டைம்டேபிள் போடாதீங்க. முதல்ல இதை சொல்லிடுறேன், ஏன்னா நான் போட்ட டைம்டேபிள் மட்டும் ஒரு அஞ்சாறு இருக்கும், எல்லாம் ஜனவரி முதல் வாரத்துல கலர் ஸ்கெட்ச்ல அழகா எழுதி ஃப்ரிட்ஜ்ல ஒட்டுனது, பொங்கல் வர்றதுக்குள்ள மேல கேஸ் ரசீதும் ஸ்கூல் சர்க்குலரும் ஒட்டி மறைஞ்சு போயிடும். காலைல 5 மணிக்கு யோகா, ராத்திரி 9 மணிக்கு புக் படிக்கிறதுன்னு அதுல ஒரு பொம்பளை வாழ்ந்துட்டு இருப்பா, அவ யாருன்னு எனக்கே தெரியாது. எங்க வீட்ல இருக்குறவ வேற.

நமக்கு எப்படி நாள் போகணும்னு எழுதுறதுக்கு முன்னாடி ஏற்கனவே எப்படி போச்சுன்னு எழுதணும். இதை நான் கண்டுபிடிக்கல, கவர்மென்ட்டே இப்படித்தான் பண்ணுது. தேசிய புள்ளியியல் அலுவலகம் நேரப் பயன்பாட்டு சர்வேன்னு ஒண்ணு எடுக்குறாங்க, நாடு முழுக்க முதல் தடவ 2019ல எடுத்தாங்க, அடுத்து 2024ல. ரெண்டாவது தடவ மட்டும் கிட்டத்தட்ட 1,39,000 வீட்டுக்கு போயிருக்காங்க, 6 வயசும் அதுக்கு மேலயும் இருக்குற நாலரை லட்சம் பேர்கிட்ட நேத்து என்ன பண்ணீங்கன்னு கேட்டிருக்காங்க. நேத்து காலைல 4 மணில இருந்து இன்னைக்கு காலைல 4 மணி வரைக்கும், அரை மணி அரை மணியா. இதுக்கெல்லாம் முன்னாடி 1998-99லயே ஆறு மாநிலத்துல சோதனையா ஒரு சர்வே நடந்துச்சு, அதுல தமிழ்நாடும் ஒண்ணு, அதனால நம்ம ஊருக்கு இது புதுசும் இல்ல.

சர்வே எடுக்குறவங்க நம்ம வீட்டுக்கு வரணும்னு அவசியம் இல்ல, ஒரு நோட்டு போதும். நான் பண்ணத அப்படியே சொல்றேன், உங்க வீட்டுக்கு ஏத்த மாதிரி மாத்திக்கோங்க.

எங்க வீடு எப்படின்னா, சென்னை பக்கம் ஊரப்பாக்கம். நான் கிண்டில ஒரு கம்பெனில அக்கவுண்ட்ஸ், எலக்ட்ரிக் ட்ரெயின்ல போயிட்டு வர்றேன். வீட்டுக்காரர் மறைமலை நகர் பக்கம் ஃபேக்டரி, ஷிப்டு வேலை, ஒரு வாரம் காலைல ஏ, ஒரு வாரம் மதியம் பி, ஒரு வாரம் ராத்திரி சி. பொண்ணு பத்தாவது, பையன் நாலாவது, கூட அத்தை, அவருக்கு அம்மா. ஆக மொத்தம் அஞ்சு பேர்.

நோட்டு போடுறது

லாங் சைஸ் நோட்டு ஒண்ணு வாங்குங்க. ஒரு பக்கத்துல இடது பக்கம் 4.00, 4.30, 5.00ன்னு வரிசையா எழுதிட்டே வாங்க, 48 கட்டம் வரும், இடம் பத்தலன்னா அடுத்த பக்கம். ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு ஷீட். ஏன் 4 மணின்னு கேட்டா, ராத்திரி 12 மணிக்கு ஆரம்பிச்சா தூக்கம் ரெண்டா வெட்டுப்படும், 4 மணிக்கு பெரும்பாலும் எல்லாரும் தூங்கிட்டு இருப்போம், நாள் முழுசா ஒரு துண்டா கிடைக்கும். ஏ ஷிப்டுக்கு போறவங்க வீட்ல 4 மணியே கொஞ்சம் லேட்டுதான்னு வைங்க, ஆனாலும் பரவால்ல.

வேலை பண்ணிட்டு இருக்கும்போதே எழுதாதீங்க. எழுதுறதே ஒரு வேலையாயிடும், மூணாவது நாள் விட்டுடுவீங்க. ஒரு நாளைக்கு மூணு தடவ, காலைல ட்ரெயின்ல உக்காந்ததும், மதியம் சாப்பிட்டதும், ராத்திரி படுக்கறதுக்கு முன்னாடி, அதுவரைக்கும் நடந்தத மட்டும் எழுதினா போதும். மொத்தமா மறுநாள் எழுதினாலும் ஓகே, சர்வேலயே அப்படித்தான் கேக்குறாங்க. ஆனா ரெண்டு நாள் விட்டு எழுதினா கதை விட ஆரம்பிச்சுடுவோம்.

எந்த நாளை எழுதுறது? வழக்கமான வேலை நாள் ஒண்ணு, வார லீவு ஒண்ணு. ஷிப்டு இருந்தா ஒவ்வொரு ஷிப்டுக்கும் ஒண்ணு. கல்யாணத்துக்கு போன நாள், காய்ச்சல்ல படுத்த நாள் எல்லாம் வேண்டாம். அந்த 1998 சர்வேலயும் வழக்கமான நாள், வாரத்துல ஒரு நாள் மட்டும் மாறி வர்ற நாள், அசாதாரணமான நாள்னு மூணா பிரிச்சுத்தான் எழுதியிருக்காங்க. எங்க வீட்டுக்கு எல்லா ஷிப்டும் சுத்தி வர மூணு வாரம் ஆச்சு.

முக்கியமா, வீட்ல இருக்குற எல்லாரும் எழுதணும். நீங்க மட்டும் எழுதினா அது டைரி, எல்லாரும் எழுதினாதான் கணக்கு. பையனுக்கு நான் கேட்டு எழுதினேன், அவன் பக்கத்துல “சும்மா”, “சும்மா”, “கிரிக்கெட்”, “அக்கா அடிச்சா”ன்னு இருந்துச்சு.

என்ன பேர் வைக்கிறது

சர்வேல ஒன்பது தலைப்பு வச்சிருக்காங்க. சம்பள வேலை, நம்ம வீட்டுக்கே பொருள் பண்ணிக்கிறது, சம்பளம் இல்லாத வீட்டு வேலை, சம்பளம் இல்லாம ஆளுங்கள பாத்துக்கிறது, இலவசமா வெளிய பண்ற சேவை, படிப்பு, சொந்தக்காரங்க அக்கம்பக்கம் கோயில், பொழுதுபோக்கு, அப்புறம் தூக்கம் சாப்பாடு குளியல் மாதிரி நம்ம உடம்புக்கு பண்றது. வீட்டுக்கு ஒன்பது அதிகம். நான் அஞ்சு வச்சேன்: வேலை, வீடு, ஆள், உடம்பு, எனக்கு. ஆள்னா பிள்ளைங்களயோ பெரியவங்களயோ பாத்துக்கிற நேரம். பிள்ளைங்களுக்கு மட்டும் படிப்புன்னு ஆறாவது ஒண்ணு. கட்டத்துல என்ன பண்ணீங்கன்னு எழுதிட்டு பக்கத்துல இந்த தலைப்புல ஒண்ணப் போடுங்க.

இங்கதான் சண்டை வரும். நல்ல சண்டை, வரட்டும்.

ட்ரெயின்ல போற நேரம் என்ன? சர்வே கணக்குல வேலைக்கு போற பயணம் வேலையோட சேர்ந்தது. நான் ரொம்ப நாளா அதை “எனக்கு”ன்னு நினைச்சுட்டு இருந்தேன், சீட்டு கிடைச்சா பாட்டு கேக்கலாம்ல. ஆனா காலைல லேடீஸ் கம்பார்ட்மென்ட்ல ஒரு கால்ல நின்னுக்கிட்டு போறதுக்கு பேரு ஓய்வுன்னா என் கால் ஒத்துக்காது. எதிர்ல உக்காந்து பூ கட்டிக்கிட்டே வர்ற அக்கா ஒருத்தங்க இருக்காங்க, ஏறும்போது உதிரிப்பூ, கிண்டி வரும்போது ரெண்டு முழம், அவங்களுக்கு அது எந்த தலைப்புல வரும்னு யோசிச்சுப் பாருங்க. வேலைன்னே போட்டேன் கடைசில.

சீரியல் பாத்துக்கிட்டே வெண்டைக்கா நறுக்கினா? சர்வேல ஒரே கட்டத்துல மூணு வேலை வரைக்கும் எழுதிக்கலாம், அதுல எது முக்கியம்னு குறிச்சுப்பாங்க. நானும் ரெண்டும் எழுதினேன், ஆனா தலைப்பு ஒண்ணுதான் போடணும்னு வச்சேன். அதுக்கு எங்க வீட்ல ஒரு ரூல்: அந்த நேரத்துல யாராவது கூப்பிட்டா எழுந்து போகணும்னா அது “எனக்கு” கிடையாது. டிவி முன்னாடி உக்காந்திருக்கேன், ஆனா குக்கர் ரெண்டு விசில் வந்துச்சான்னு காது அங்க இருக்குன்னா அது வீடு. இந்த ரூல் ஒண்ணு போட்டதும் என் பக்கத்துல பாதி “எனக்கு” காணாம போச்சு.

என் பக்கம்

அப்படியே தர்றேன், ஒரு செவ்வாய்க்கிழமை:

5.00 வாசல் தெளிச்சு கோலம், பால், மோட்டார் – வீடு
5.30 சமையல் – வீடு
6.00 சமையல், நடுவுல பொண்ண நாலு தடவ எழுப்புனது – வீடு
6.30 மூணு டிபன் பாக்ஸ் கட்டுனது – வீடு
7.00 பையன குளிக்க வச்சு சாப்பிட வச்சது – ஆள்
7.30 நான் குளிச்சு கிளம்புனது – உடம்பு
8.00 பையனுக்கு பை, ஷூ, காணாம போன ஐடி கார்டு – ஆள்
8.30ல இருந்து ராத்திரி 7 வரைக்கும் ட்ரெயின், ஆபீஸ், ட்ரெயின் – வேலை
7.00 காபி போட்டு பாத்திரம் தேய்ச்சது – வீடு
7.30 சட்னி, குருமா – வீடு
8.00 ஹோம்வொர்க் – ஆள்
8.30 தோசை சுட்டது – வீடு
9.00 சாப்பிட்டது – உடம்பு
9.30 அடுப்பு மேடை தொடைச்சு கிச்சன் ஒதுக்குனது – வீடு
10.00 துணி மடிச்சது, மறுநாளுக்கு காய் நறுக்குனது – வீடு
10.30 ஃபோன் – எனக்கு
11.00 தூக்கம்

எண்ணிப் பாத்தா வேலை 21 கட்டம், வீடு 9, ஆள் 3, தூக்கம் 12, மத்த உடம்பு 2, எனக்கு 1. கூட்டுனா 48. அந்த ஒரு கட்டத்துலயும் அரை மணி நேரம் யார் யாரோ சமைக்கிறத ரீல்ஸ்ல பாத்துட்டு இருந்திருக்கேன், அதை நினைச்சாதான் சிரிப்பு வருது.

அவரோட ஏ ஷிப்டு நாள்ல தூக்கம் 13, பஸ்ஸும் ஃபேக்டரியும் சேர்த்து 20, வீடு 2, ஆள் 1, குளிச்சு சாப்பிட்டது 3, அவருக்குன்னு 9. பாத்ததும் “மதியம் தூங்குனத எப்படி ஜாலி கணக்குல போடுவ, நாலரைக்கு எழுந்தவன்டி நான்”ன்னு ஒரே கோவம். நியாயம்தான். ரெண்டு கட்டத்த தூக்கத்துக்கு மாத்தினோம், 7 ஆச்சு. ஏழுக்கு ஒண்ணு. அன்னைக்கு ராத்திரி யாரும் ஒண்ணும் பேசல, ஆனா மறுநாள் காலைல பால் பாக்கெட் அவர்தான் எடுத்துட்டு வந்தார்.

எங்க வீடு மட்டும்தான் இப்படியோன்னு நினைக்க வேண்டாம். 2024 சர்வேல வீட்டு வேலை பண்ற பொம்பளைங்க சராசரியா ஒரு நாளைக்கு 289 நிமிஷம் அதுல போடுறாங்க, பண்ற ஆம்பளைங்க 88 நிமிஷம். நம்ம கட்டக் கணக்குல சொன்னா பத்துக்கு மூணு. கவனிங்க, இது வீட்டு வேலை பண்றேன்னு சொன்ன ஆம்பளைங்களோட சராசரி மட்டும்தான். 2019ல அப்படி கொஞ்சமாவது பண்ணேன்னு சொன்னவங்களே ஆம்பளைங்கள்ல நூத்துக்கு 26 பேர்தான், பொம்பளைங்கள்ல 81.

“சும்மா”ன்னு எழுதுறவங்க பக்கத்த திரும்ப கேளுங்க

அத்தை பக்கம்தான் என்னை அசத்துச்சு. அவங்களுக்கு எழுத கண்ணு சரியா தெரியாதுன்னு பொண்ணுகிட்ட சொல்லி எழுத வச்சாங்க. மதியம் 12ல இருந்து 4 வரைக்கும் எட்டு கட்டத்துலயும் “சும்மாதான் இருந்தேன்”. பொண்ணு அப்படியே எழுதிட்டா. ராத்திரி நான் உக்காந்து ஒவ்வொரு அரை மணியா கேட்டேன், அத்தை 12 மணிக்கு எங்க உக்காந்திருந்தீங்க, கைல என்ன இருந்துச்சுன்னு. கைல சின்ன வெங்காயம் இருந்திருக்கு, சாம்பாருக்கு உரிச்சு வச்சது. 12.30க்கு கேன் தண்ணிக்காரர் வந்தா கதவு திறக்கணுமேன்னு வாசல்ல. 1 மணிக்கு சாப்பாடு. 1.30க்கு மாடில காஞ்ச துணி எடுத்தது. 2ல இருந்து படுத்தது, ஆனா தூங்கல, ஏன்னா 3 மணிக்கு பையன் வேன் வரும், தூங்கிட்டா பெல் அடிக்கிறது கேக்காது. 3ல இருந்து 4 அவனுக்கு சாதம் பிசைஞ்சு குடுத்து ட்ரெஸ் மாத்தினது.

எட்டு “சும்மா”ல சாப்பாடு போக ஒண்ணுகூட சும்மா இல்ல. குழந்தை வர்ற வரைக்கும் முழிச்சு படுத்திருக்குறதும் ஒரு வேலைதான், அவங்க இல்லன்னா அதுக்கு நான் டேகேருக்கு காசு கட்டணும். அதனால உங்க வீட்ல யாராவது சும்மான்னு எழுதுனா, கைல என்ன இருந்துச்சு, காது எங்க இருந்துச்சுன்னு கேளுங்க. ரெண்டு கேள்வில வந்துடும்.

அத்தை இன்னொன்னும் சொன்னாங்க. ஆட்டுக்கல்லுல மாவு ஆட்டுன காலத்துல வாரத்துக்கு ஒரு நாள்தான் இட்லி, மத்த நாள் பழைய சோறுதான், யாரும் கேக்க மாட்டாங்க. அப்புறம் 2011க்கு மேல கவர்மென்ட்ல மிக்சி கிரைண்டர் ஃபேன் குடுத்தாங்கல்ல, அந்த கிரைண்டர் வீட்டுக்கு வந்ததும் கை வலி போச்சு, ஆனா தினம் தோசை கேக்க ஆரம்பிச்சாங்கன்னு சிரிச்சாங்க. மெஷின் வாங்கினா நேரம் மிச்சம்னு நம்பி எதையும் இஎம்ஐல வாங்குறதுக்கு முன்னாடி இதை யோசிச்சுக்கோங்க. மிச்சமான கட்டம் யார்கிட்ட போகுதுன்னு எழுதி வச்சாதான் தெரியும். வாஷிங் மெஷின் எங்களுக்கு நிஜமாவே உதவுச்சு, ஏர் ஃப்ரையர் ஷெல்ஃப் மேல இருக்கு.

மாத்துறது எப்படி

எல்லாத்தையும் மாத்தாதீங்க. ஒரு மாசத்துக்கு ரெண்டு கட்டம், அவ்வளவுதான். ஆபீஸ் நேரம் நம்ம கைல இல்ல, தூக்கத்துல கை வைக்கக்கூடாது, மிச்சம் வீடும் ஆளும்தான். அதுல யார்கிட்ட இருந்து யார்கிட்ட நகர்த்துறதுங்கறதுதான் முழு விளையாட்டும்.

“கூட மாட ஹெல்ப் பண்றேன்”ங்கற பேச்சுக்கே போகாதீங்க. “என்ன பண்ணணும்னு சொல்லு, பண்றேன்”னு சொல்றவங்ககிட்ட சொல்றதே ஒரு வேலை. உதாரணத்துக்கு கேன் தண்ணிய எடுத்துக்கோங்க. கேன் தீரப்போகுதுன்னு பாக்கணும், ஃபோன் பண்ணணும், சில்லறை எடுத்து வைக்கணும், வந்ததும் காலி கேன் குடுத்து நிறைஞ்சத தூக்கி வைக்கணும். எங்க வீட்ல தூக்கி வைக்கிறது மட்டும் அவர், அவர் மனசுல கேன் தண்ணி அவர் டிபார்ட்மென்ட். மிச்ச மூணும் என் தலைல. அதனால நகர்த்தும்போது வேலைய முழுசா நகர்த்துங்க, பாக்குறது, ஏற்பாடு பண்றது, முடிக்கிறது மூணும் ஒரே ஆள். கேஸ் புக் பண்றது, ரெண்டு மாசத்துக்கு ஒருக்கா இபி பில், ரேஷன், ஸ்கூல் வாட்ஸ்அப் குரூப், இதெல்லாம் கட்டத்துலயே தெரியாது, அஞ்சு நிமிஷ வேலை, ஆனா நாள் முழுக்க மண்டைக்குள்ள ஓடும். நோட்டோட கடைசி பக்கத்துல இதையெல்லாம் தனியா எழுதி எதிர்ல ஆள் பேர் போடுங்க. எங்க வீட்ல 23 வந்துச்சு, அதுல 19க்கு என் பேரு.

நாங்க முதல்ல நகர்த்துனது மாவு. வாரத்துக்கு ரெண்டு தடவ அரிசி உளுந்து ஊறப்போட்டு, அரைச்சு, உப்பு போட்டு கலந்து வச்சு, கிரைண்டர் கழுவுறது வரைக்கும் அவர். முதல் வாரம் ஊறப்போட மறந்துட்டார். எனக்கு ஞாபகம் இருந்துச்சு, மதியமே. சொல்லல. நாக்க கடிச்சுட்டு உக்காந்திருந்தேன், இதுதான் இந்த மொத்த விஷயத்துலயே கஷ்டமான இடம், நீங்க ஞாபகப்படுத்துனா வேலை திரும்ப உங்ககிட்டயே வந்துடும். மறுநாள் காலைல மாவு இல்ல, அத்தை என்னைப் பாத்தாங்க, நான் அவரைப் பாத்தேன், அவர் சட்டைய மாட்டிக்கிட்டு கடைக்கு போயி பாக்கெட் மாவு வாங்கிட்டு வந்தார். ரெண்டாவது வாரம் உளுந்த அள்ளி போட்டு இட்லி தட்டையா வந்துச்சு. மூணாவது வாரத்துல இருந்து சரியா வருது, இப்ப வெந்தயம் எவ்வளவுன்னு எனக்கே பாடம் எடுக்கிறார்.

பிள்ளைங்க விஷயத்துல ஒண்ணு, பொண்ணு பக்கத்துல துணி மடிக்கிறது, தட்டு எடுத்து வைக்கிறதெல்லாம் இருந்துச்சு, பத்தாவது படிக்கிறவ. பையன் பக்கத்துல ஒண்ணும் இல்ல. சின்னவன்னு நினைச்சுட்டு இருந்தோம், ஆனா அவ வயசு ஒன்பதுல இருந்தே மடிக்கிறா. இப்ப அவன் டிபன் பாக்ஸ அவன்தான் கழுவணும், ஸ்கூல்ல இருந்து வந்த உடனே. முதல் நாள் அத்தை கழுவிட்டாங்க, அதுக்கு ஒரு பஞ்சாயத்து ஆச்சு, அதை விடுங்க.

ஷிப்டு வீட்டுக்காரங்களுக்கு: நகர்த்துன வேலை மூணு ஷிப்டுக்கும் பொருந்துதான்னு பாருங்க. பி ஷிப்டு வாரத்துல மதியம் ரெண்டரைல இருந்து ராத்திரி பதினொன்னு வரைக்கும் அவர் ஃபேக்டரில இருப்பார், அப்ப மாவு மதியத்துக்கு முன்னாடி ஆகணும். சி ஷிப்டு வாரத்துல பகல்ல தூங்குற ஆளை எழுப்பக்கூடாது, அந்த வாரம் வேலை குறைச்சல்தான், விட்டுடுங்க. ஷிப்டு சார்ட்ட காலண்டர் பக்கத்துலயே மாட்டிடுங்க.

வீட்ல இருந்தே ஆபீஸ் வேலை பாக்குறவங்க கட்டம் கொஞ்சம் கலங்கலா வரும், ஒவ்வொரு கட்டத்துலயும் ரெண்டு தலைப்பு இருக்கும். லேப்டாப் மூடுற நேரத்தயாவது ஒரே கட்டத்துல வைங்க. தனியா ரூம் எடுத்து இருக்குற பசங்களுக்கு பெருசா சொல்ல ஒண்ணும் இல்ல, பாத்திரத்த அன்னைக்கே கழுவிடுங்க.

வேலை நேரத்த பத்தி ஒரு வார்த்தை

8 மணி நேர வேலை, 8 மணி நேர பொழுது, 8 மணி நேர ஓய்வுன்னு ஒரு பழைய கோஷம் இருக்கு. நம்ம மெட்ராஸ்ல சிங்காரவேலர் 1923ல மே தினம் கொண்டாடுனாரே, இந்தியாவுலயே முதல் தடவ, அந்த மே தினத்துக்குப் பின்னாடி இருக்குறதும் இந்த 8 மணி நேர கோரிக்கைதான். இதுக்காக அடி வாங்கினவங்க எத்தனை பேர், அதை குறை சொல்லல. ஆனா கட்டம் போட்டு பாத்தா எனக்கு ஒரு சந்தேகம் வந்துச்சு, 16, 16, 16ன்னு 48ம் முடிஞ்சு போச்சு, சோறு எந்த எட்டுல வேகும்? யாரோ வீட்ல சமைச்சு வச்சிருப்பாங்கன்னு நினைச்சு போட்ட கணக்கு மாதிரி இருக்கு.

2023 ஏப்ரல்ல 12 மணி நேர வேலைக்கு வழி பண்ற மசோதா நம்ம சட்டசபைல நிறைவேறுச்சு, வாரத்துக்கு 48 மணி நேரம் அதேதான், நாலு நாள் வேலை மூணு நாள் லீவுன்னு சொன்னாங்க. எதிர்ப்பு வந்து மூணு நாள்ல நிறுத்தி வச்சு மே 1ம் தேதி வாபஸ்னு அறிவிச்சுட்டாங்க. அப்ப எங்க வீட்ல மூணு நாள் லீவு நல்லாத்தானே இருக்கும்னு ஒரு பேச்சு ஓடுச்சு. அப்ப நோட்டு இல்ல. இப்ப வச்சு பாத்தா, 12 மணி நேரம் வேலை, பஸ்ஸுக்கு ரெண்டு மணி நேரம், 28 கட்டம் போச்சு, தூக்கம் 13, மிச்சம் 7. குளிச்சு சாப்பிட்டா நாலு. அந்த நாலு நாளும் வீடு முழுசா இன்னொருத்தர் தலைல. உங்க ஆபீஸ்ல ஷிப்டு மாத்துறோம், ஓவர்டைம் பாக்குறீங்களான்னு கேட்டா, சம்பளத்த மட்டும் பாக்காம இப்படி கட்டத்துல வச்சு பாத்துட்டு பதில் சொல்லுங்க.

அதே மாதிரி சில கட்டம் வெளில இருந்தும் கிடைக்கும். பக்கத்து வீட்டு அக்கா பையன் கவர்மென்ட் ஸ்கூல்ல மூணாவது, காலை உணவுத் திட்டம் 2022ல ஆரம்பிச்சு மறு வருஷம் எல்லா அரசு தொடக்கப் பள்ளிக்கும் வந்துச்சுல்ல, அதுக்கு முன்னாடி 5 மணிக்கு எழுந்தவங்க இப்ப அஞ்சரைக்கு எழுறாங்க. ஒரு கட்டம். அந்த ஒரு கட்டத்த அவங்க தூங்குறாங்க, வேற ஒண்ணும் பண்றதில்ல, அதுதான் சரி.

உங்களுக்குன்னு உள்ள நேரத்த ஒட்டுங்க

2024 சர்வேல பொழுதுபோக்கு, டிவி, ஃபோன், விளையாட்டெல்லாம் சேர்த்து அதுக்கு நேரம் ஒதுக்குனவங்கள்ல சராசரியா ஒரு ஆளுக்கு நாள்ல 171 நிமிஷம் வருது, கிட்டத்தட்ட ஆறு கட்டம். எனக்கு முதல்ல கோவம்தான் வந்துச்சு, யாருக்குப்பா கிடைக்குது இதுன்னு. அப்புறம் உக்காந்து பாத்தேன். எனக்கும் நேரம் இருக்கு, ஆனா தூள் தூளா இருக்கு. பால் பொங்குற வரைக்கும் ஃபோன் ரெண்டு நிமிஷம், ட்ரெயின் வர்ற வரைக்கும் நாலு, மதியம் சாப்பிட்டு முடிச்சு ஏழு. ஒரு கட்டத்துல எழுதுற அளவுக்கு எதுவும் இல்ல. பிஸ்கட் தூள எவ்வளவு தின்னாலும் பிஸ்கட் சாப்பிட்ட மாதிரி இருக்காதுல்ல, அது மாதிரி.

அதனால தூள சேர்த்து ஒரு துண்டா ஆக்கணும். நான் மாவுல மிச்சமானதையும் துணி மடிக்கிறதுல மிச்சமானதையும் சேர்த்து சனிக்கிழமை சாயங்காலம் ரெண்டு மணி நேரம்னு வச்சேன், நாலு கட்டம். வாரத்துக்கு நாலு கட்டம் ஒண்ணா கிடைக்கறது தினம் அரை மணி கிடைக்கறத விட எனக்கு பெருசா இருக்கு.

எங்க இருக்கணும்ங்கறதும் முக்கியம். முதல்ல வீட்லயே ரூம்ல கதவ சாத்திட்டு உக்காந்தேன், பத்து நிமிஷத்துல “அம்மா, சார்ஜர் எங்க”. அடுத்த வாரம் மொட்டை மாடிக்கு போனேன், அங்க மூணாவது மாடி ஆன்ட்டி வத்தல் காய வச்சுட்டு இருந்தாங்க, அவங்க மருமக கதைய முழுசா கேட்டுட்டு இறங்கி வந்தேன், அது சர்வேல வர்ற அக்கம்பக்கம் தலைப்பு. இப்ப கூடுவாஞ்சேரி பக்கம் லைப்ரரிக்கு போயிடுறேன். ஃபேன் சத்தம், ரெண்டு தாத்தா பேப்பர் படிச்சுட்டு இருப்பாங்க, யாரும் என்னை எதுவும் கேக்க மாட்டாங்க. சில நாள் படிக்கிறேன், சில நாள் வெறுமனே உக்காந்திருக்கேன். ஃபோன சைலண்ட்ல போட்டு பைல வைங்க. அவசரம்னா அத்தைக்கு லைப்ரரி எங்க இருக்குன்னு தெரியும்.

அவருக்கும் அப்படி ஒண்ணு வைங்க. ஏழு கட்டம்னு பொறாமைப்பட்டேன், ஆனா அதுல அஞ்சு டிவி முன்னாடி சாஞ்சு தூங்கி வழிஞ்சது. அவர் ஞாயித்துக்கிழமை காலைல பழைய ஃப்ரெண்ட்ஸ்கூட கேரம் ஆடப் போறார் இப்ப, வரும்போது கறி வாங்கிட்டு வர்றார்.

குடும்பமா சேர்ந்து இருக்குற நேரத்துக்குன்னு தனியா பெருசா திட்டம் எதுவும் போடல. எல்லாரும் முழிச்சு வீட்ல இருக்குற கட்டம் எதுன்னு அஞ்சு பக்கத்தையும் பக்கத்துல பக்கத்துல வச்சு பாத்தோம். ஏ ஷிப்டு வாரத்துல ராத்திரி 9 மணி கட்டம் ஒண்ணுதான் அஞ்சு பேருக்கும் பொதுவா இருந்துச்சு. அதுல சாப்பாடு. டிவிய ஆஃப் பண்ணிடுறோம், அவ்வளவுதான், அதுக்கே பொண்ணு பேச ஆரம்பிச்சிருக்கா.

எப்ப திரும்ப எழுதுறது

தினமும் எழுதிட்டே இருந்தா பைத்தியம் பிடிச்சுடும். மூணு மாசத்துக்கு ஒரு தடவ போதும், அதே மாதிரி வேலை நாள் ஒண்ணு, லீவு நாள் ஒண்ணு. பழைய பக்கத்தோட வச்சு பாருங்க. என்னோட ரெண்டாவது ரவுண்ட்ல வேலை நாள்ல வீடு 9ல இருந்து 7 ஆச்சு, தூக்கம் 12ல இருந்து 13, எனக்கு 2. நடுவுல எங்க ஆபீஸ்ல வருஷக் கடைசி கணக்கு வந்தப்ப எல்லாம் பழையபடி ஆயிடுச்சு, மார்ச் பூரா ராத்திரி ஒன்பதுக்கு வீட்டுக்கு வந்தேன், அந்த மாசம் நோட்ட தொடவே இல்ல.

பொண்ணுக்கு பரீட்சை முடியட்டும்னு இருக்கோம். ஜூன்ல ஸ்கூல் திறந்து ரெண்டு வாரம் போனதும் திரும்ப 4 மணில இருந்து ஆரம்பிக்கணும். இந்த தடவ அத்தை அவங்க பக்கத்த அவங்களே எழுதுறேன்னு சொல்லியிருக்காங்க, அதுக்கு முன்னாடி கண்ணாடி பவர் மாத்தணுமாம். கண்ணாடி கடைக்கு கூட்டிட்டு போற வேலைக்கு எதிர்ல அவர் பேர எழுதியாச்சு.